மடியில் பிள்ளை, கையில் புத்தகம்

வாசகர் கேள்வி பதில்

சிங்கப்பூரில் மகப்பேறு விடுப்பு, தந்தையர் விடுப்பு நாள்களில் என்ன படிப்பது, எப்படிப் படிப்பது என்று வந்த கேள்விகளில் ஆறு இந்த இதழில். நீளமானவற்றைச் சுருக்கி, ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

அடுத்த மாதம் பிரசவம். பதினாறு வாரம் விடுப்பு. வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு நாவலைக்கூட முழுதாகப் படித்ததில்லை. இந்தத் தடவை விடக்கூடாது என்று தோழிகளிடம் கேட்டேன். விருது வாங்கிய தடித்தடி நாவல்களாகப் பத்துப் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். எதில் தொடங்கலாம்?
– வாசகி, பொங்கோல்

அந்தப் பட்டியலைப் பத்திரமாக வையுங்கள். பிள்ளை பாலர்பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் உதவும்.

பதினாறு வாரம் என்றால் கணக்குக்கு 112 நாள். ஆனால் பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஏப்பம் விடவைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும், நடுவில் நீங்களும் கண்ணை மூட வேண்டும். படிக்கக் கிடைப்பது பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று துண்டு துண்டாகத்தான். அதுவும் எந்த வரியில் அறுந்துபோகும் என்று சொல்ல முடியாது. அதனால் நல்ல நூலா என்று பார்க்கும் முன், விட்ட இடத்தில் பிடிக்க முடிகிற நூலா என்று பாருங்கள்.

தமிழில் இதற்குப் பஞ்சமே இல்லை. நம்முடைய பழைய பெரிய நாவல்களில் பல வாரப் பத்திரிகைத் தொடர்களாக வந்தவை. படிப்பவர் போன வாரத்தை மறந்திருப்பார், நடுவில் ஒரு வாரம் தவறவிட்டும் இருப்பார் என்று தெரிந்தே எழுதியவை. அத்தியாயத் தொடக்கத்தில் யார் எங்கே நிற்கிறார் என்று ஒரு வரி நினைவூட்டும். முடிவில் அடுத்த வாரத்துக்கு ஒரு கொக்கி இருக்கும். விமர்சகர்கள் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. பால் கொடுக்கும் அம்மாவுக்கு இதைவிடத் தோதான அமைப்பு கிடையாது.

‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த தொடர். ஐந்து பாகம், 293 அத்தியாயம். நாளுக்கு மூன்று அத்தியாயம் படித்தால் 98 நாள். உங்கள் விடுப்புக்குள் முடிந்துவிடும். சினிமா பார்த்துவிட்டேனே என்று தள்ளிவிட வேண்டாம், படத்தில் வராதது நிறைய இருக்கிறது. இரண்டு எச்சரிக்கை. முதல் பாகத்திலேயே ஆள்கள் வரிசையாக வருவார்கள். அட்டைத் துண்டு ஒன்றைப் பக்க அடையாளமாக வைத்து, யாருக்கு யார் என்ன உறவு என்று அதிலேயே ஒரு வரி எழுதிக்கொண்டு போங்கள். அடுத்தது, ஐந்து பாகத்தையும் ஒன்றாகக் கட்டிய குண்டுப் பதிப்பை வாங்காதீர்கள். கிலோக் கணக்கில் கனம். அறுவைச் சிகிச்சைப் பிரசவம் என்றால் அதை வயிற்றின் மேல் சாய்த்து வைக்கவே முடியாது. தனித்தனிப் பாகமாக எடுங்கள்.

கதை வேண்டாம் என்றால் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. ஆனந்த விகடனில் 1940 முதல் 1942 வரை வந்தது, 122 அத்தியாயம். பள்ளிப் பாடத்தில் ஏட்டுச்சுவடியோடு பார்த்த தாத்தாதானே என்று நினைப்பீர்கள். ஆனால் ஆசிரியர் வீட்டுச் சாப்பாடு, சங்கீதம், கடன் தொல்லை, ஊர்ப்பயணம் என்று வாயாரப் பேசுகிற நூல் அது. ஒவ்வோர் அத்தியாயமும் சில பக்கம்தான். நாளுக்கு ஒன்று என்று போனால் விடுப்பு முடியும்போது பத்து அத்தியாயம் மிச்சமிருக்கும். அதை வேலைக்குப் போகும்போது எம்ஆர்டி ரயிலில் முடித்துக்கொள்ளலாம்.

சிரிக்க வேண்டும் என்றால் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’. ஒவ்வொரு கதையும் தனி, முந்தைய கதையை மறந்துவிட்டாலும் நட்டமில்லை. துப்பறியும் கதைகளில் ஒரே மூச்சில் படிக்கவைக்கிற ரகத்தைப் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிப் பாலுக்கு எடுத்தால், பிள்ளை தூங்கிய பிறகும் நீங்கள் தூங்க மாட்டீர்கள்.

கடையிலோ நூலகத்திலோ நிற்கும்போது ஒரு சோதனை: புத்தகத்தின் நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து படியுங்கள். யார் பேசுகிறார், எங்கே நடக்கிறது என்பது ஒரு பத்திக்குள் பிடிபடுகிறதா? ஐந்தாறு பக்கத்துக்குள் இடைவெளியோ அத்தியாய முடிவோ வருகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் எடுக்கலாம். பக்கக்கணக்காக ஒருவர் மனத்துக்குள்ளேயே ஓடுகிற நாவல்கள் எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தாலும் இப்போது வேண்டாம். கைத்தவறி மூடினால் எந்த வரியில் விட்டோம் என்றே தெரியாது.

இன்னொன்று, ‘சிறந்த சிறுகதைகள்’ என்று வரும் தொகுப்புகளிடம் கொஞ்சம் கவனம். தமிழ்ச் சிறுகதைகளில் குழந்தை நோயில் விழுவதும் இறப்பதும் அடிக்கடி வரும். மற்ற நாளில் இலக்கியமாகப் படித்தது பிரசவமான மூன்றாம் வாரத்தில் நெஞ்சை அடைக்கும். ஏற்கெனவே படித்த யாரிடமாவது ‘இதில் பிள்ளைக்கு ஏதும் ஆகிறதா?’ என்று நேராகக் கேட்டுவிட்டு எடுங்கள். முப்பது பக்கத்துக்குள் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் மூடிவிடுங்கள்.

குழந்தை ராத்திரி என் நெஞ்சில் சாய்ந்தால்தான் தூங்குகிறது. நான்கு வார விடுப்பில் இருக்கிறேன். ஒரு கைதான் சும்மா இருக்கிறது, விளக்கும் போட முடியாது. தொலைபேசியில் படித்தால் கண் எரிகிறது, கட்டைவிரல் வலிக்கிறது. பிள்ளையைப் பார்க்காமல் படிக்கிறீர்களா என்று மனைவி வேறு முறைக்கிறார்.
– வாசகர், ஈசூன்

மனைவி முறைப்பதற்கு மட்டும் எங்களிடம் மருந்தில்லை. அவர் தூங்கும்போது படியுங்கள்.

முதலில் பாதுகாப்பு. பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தபடி கண்ணயர்வது ஆபத்து. இடுக்கில் சரிந்து மூச்சு அடைத்துவிடலாம். ஒரே வரியை இரண்டு தடவை படிக்கிறீர்கள் என்று தெரிந்ததும் எழுந்து, பிள்ளையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவையுங்கள்.

கட்டைவிரல் வலிக்குக் காரணம் படிப்பு மட்டுமில்லை. பிள்ளையைக் கட்டைவிரலை விரித்துத் தூக்குகிறோம், பிறகு அதே விரலால் தொலைபேசியைத் தாங்கித் திரையையும் தள்ளுகிறோம். கட்டைவிரலின் அடிப்பக்கத்தில் மணிக்கட்டோரம் வலித்தால் அங்கே தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். புதுப் பெற்றோருக்குச் சாதாரணமாக வருவதுதான், மருத்துவரிடம் காட்டினால் பட்டை போடச் சொல்வார். தொலைபேசியைக் கையில் பிடிக்காமல் தாங்கியில் நிறுத்துங்கள். பிள்ளையைத் தூக்கும்போது உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தூக்குங்கள்.

இரவுக்குத் தொலைபேசியைவிட மின்னூல் கருவி நல்லது. கிண்டில் பேப்பர்வைட் 200 கிராமுக்குச் சற்று அதிகம்தான். புதிய கருவிகளில் விளக்கின் நிறத்தை மஞ்சளுக்கு மாற்றலாம். தமிழ் நூல்கள் அதில் 2016 முதல் கிடைக்கின்றன. எழுத்தைப் பெரிதாக்கியதும் இரு ஓரமும் நேராக வரும் அமைப்பை எடுத்துவிட்டு இடப்பக்கம் மட்டும் நேராக வையுங்கள். தமிழ்ச்சொற்கள் நீளம் என்பதால், இரு ஓரமும் நேராக்கினால் வரிக்கு மூன்று சொல்லும் நடுவில் பெரிய ஓட்டையுமாக நிற்கும். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து வைப்பவர்கள் தடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெல்லிய எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி மங்கிப்போய், தூக்கக் கண்ணுக்குக் ‘க’வும் ‘க்’கும் ஒன்றாகத் தெரியும்.

நூலக மின்னூலைக் கிண்டிலுக்கு அனுப்பும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும்தான். அதை நம்பிக் கருவி வாங்கிவிட்டு ஏமாறாதீர்கள். சிங்கப்பூர் நூலக மின்னூலுக்குத் தொலைபேசியிலோ டேப்லெட்டிலோ லிப்பி செயலிதான்.

காசு கொடுக்காமல் படிக்க வழி உண்டு. மதுரைத் திட்டம் 1998 முதல் பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தந்துவருகிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில், எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரிகள் திரைக்கேற்ப அமையும் இபப் (EPUB) வடிவத்தோடு, ஆறங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎஃப் கோப்பும் இருக்கும். ஏ4 அளவுப் பிடிஎஃபைச் சின்னத் திரையில் திறந்தால் எழுத்து எறும்பாகத் தெரியும், பெரிதாக்கினால் வரிக்கு வரி நகர்த்த வேண்டும். அதனால் இபப் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய கோப்புகள் சிலவற்றில் கட்டம் கட்டமாகவோ ஆங்கிலக் குறிகளாகவோ தெரிந்தால் அவை எல்லாக் கருவியிலும் தமிழ் சரியாகத் தெரியவைக்கும் யூனிகோடு முறைக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. அதே நூலின் யூனிகோடு பதிப்பைத் தேடிக்கொள்ளுங்கள்.

இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருந்தால் கேட்கலாம். ஐஃபோனிலும் ஆண்ட்ராய்டிலும் தமிழ்க் குரல் உண்டு. அமைப்புகளில் அதைத் தரவிறக்கிவிட்டால் திரையில் உள்ளதை வாசிக்கும். ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், மறு காது பிள்ளைக்கு. வட்டார வழக்கில் வரும் உரையாடலை இயந்திரம் கொலை செய்யும், கவிதையையும் அப்படித்தான். கட்டுரை, வரலாறு, பயணநூல் என்றால் சமாளிக்கலாம். பக்கத்தைப் படமெடுத்து ஏற்றிய நூல்களில் இது வேலை செய்யாது.

ஒரு தகவல்: 2026 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் சிங்கப்பூர்க் குடிமக்களின் பெற்றோருக்குப் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு 10 வாரம். 2025 ஏப்ரலிலிருந்து 2026 மார்ச் வரை பிறந்தவர்களுக்கு அது 6 வாரம். அதில் உங்களுக்கு எவ்வளவு வருகிறது என்று வீட்டில் பேசிவிட்டுப் புத்தகங்களை எடுங்கள்.

தமிழ்ப் புத்தகம் வாங்க ஒவ்வொரு தடவையும் தேக்காவுக்குப் போக முடியவில்லை. நூலகத்தில் தேடினால் எனக்குத் தெரிந்த நூல்கூட ‘இல்லை’ என்று வருகிறது. சிங்கப்பூர்க் கதைகளும் வேண்டும்.
– வாசகி, தெம்பனிஸ்

பெரும்பாலும் நூல் இருக்கும், நீங்கள் தட்டிய எழுத்துதான் வேறாக இருக்கும். பட்டியலில் தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் பதியும்போது நூலகர்களுக்கென்று ஒரு முறை உண்டு. நாம் ‘செல்வன்’ என்பதை எஸ் (S) போட்டு எழுதுவோம், அவர்கள் ‘ச’ வரும் இடத்திலெல்லாம் ஆங்கில சி (C) போடுவார்கள். ‘சிங்கப்பூர்’ என்பதும் அப்படித்தான், முதலெழுத்து C. ‘கங்கை’யை நாம் ஜி-யில் (G) தேடுவோம், பட்டியலில் அது கே-யில் (K) இருக்கும். தொலைபேசியில் தமிழ் விசைப்பலகையைப் போட்டுத் தமிழிலேயே ஒரு தடவை தேடுங்கள். வரவில்லை என்றால் சி, கே முறையில் இன்னொரு தடவை. அதற்கும் வராவிட்டால் தலைப்பை விட்டு ஆசிரியர் பெயரைப் போடுங்கள்.

தமிழ் அடுக்கு எல்லா நூலகத்திலும் ஒரே அளவில் இருக்காது. தேடல் முடிவில் எந்தக் கிளையில் அடுக்கில் இருக்கிறது என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டுத் தள்ளுவண்டியை எடுங்கள். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்குக் கடைத்தொகுதிக்குள் இருக்கும் கிளைகள் தோது. செங்காங்கில் கம்பஸ் ஒன், சிராங்கூனில் நெக்ஸ், சுவா சூ காங்கில் லாட் ஒன், ஹார்பர்ஃபிரண்டில் விவோசிட்டி என்று பல உண்டு. மின்தூக்கி இருக்கும், பால் கொடுக்க அறையும் அதே கட்டடத்தில் கிடைக்கும்.

நூலகச் செயலியிலேயே பட்டைக்குறியைப் படமெடுத்து இரவல் பெறலாம், வரிசை இல்லை. தவணை 21 நாள். வேறு யாரும் முன்பதிவு செய்யாவிட்டால் ஒரு தடவை புதுப்பிக்கலாம். பிரசவ நாள் நெருங்கும்போது எடுத்த நூலின் தவணை நீங்கள் மருத்துவமனையில் இருக்கும்போதுதான் முடியும்! எடுத்த அன்றே கணவர் தொலைபேசியிலும் நினைவூட்டல் போட்டுவையுங்கள். எந்தப் பொது நூலகத்திலும் திருப்பித் தரலாம், மூடிய பிறகும் வெளியே இருக்கும் பெட்டியில் போடலாம். லிப்பியில் எடுத்த மின்னூல் தவணை முடிந்ததும் தானாகவே போய்விடும், தண்டம் கிடையாது. அங்கே மொழி வடிகட்டியில் தமிழைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள்.

சிங்கப்பூர்க் கதைகளுக்கு ஒரு புதையலே இருக்கிறது. நாட்டின் பொன்விழா ஆண்டான 2015-இல், ஐம்பது ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கித் தேசிய நூலக வாரியத்தின் தளத்தில் ஏற்றினார்கள். பக்கங்களைப் படமெடுத்தது என்பதால் டேப்லெட்டில் படியுங்கள். விடுப்புக்கு ஏற்றதாக ஒன்று சொல்ல வேண்டுமானால், புதுமைதாசன் என்ற பெயரில் எழுதிய பி.கிருஷ்ணனின் ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’. வானொலியில் வந்த நகைச்சுவை நாடகத் தொடர் அது. முழுக்க உரையாடல், அடுக்குமாடி வீட்டுப் பிரச்சினைகள். ஒருவர் அண்ணாசாமிக்கும் இன்னொருவர் மற்றவர்களுக்கும் குரல் கொடுத்து வீட்டில் படித்தால் அரை மணி நேரம் போவது தெரியாது. கிருஷ்ணனுக்கு 2008-இல் கலாசாரப் பதக்கம் கிடைத்தது.

புத்தகம் எடுத்தால் ஒரு பக்கம்கூட ஏறவில்லை. முன்பெல்லாம் வாரம் ஒன்று படிப்பேன். குழந்தைக்கு ஐந்து வாரம்.
– வாசகி, சுவா சூ காங்

தூக்கம் துண்டாகும்போது முதலில் போவது கவனம்தான். தூக்கம் திரும்பினால் அதுவும் திரும்பும். அதுவரை ஏற்கெனவே படித்துப் பிடித்த நூலை எடுங்கள். கதை தெரியும் என்பதால் மூளைக்குப் பாதி வேலை மிச்சம். துணுக்கு, கேலிச்சித்திரம், சமையல் பக்கம் உள்ள வார இதழ்களும் படிப்புதான்.

ஆனால் படிப்பு மட்டுமில்லாமல் எதிலுமே பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை, பிள்ளை தூங்கினாலும் தூக்கம் வரவில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் புத்தகத்தில் தீர்வு தேடாதீர்கள். பிரசவம் பார்த்த மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) சொல்லுங்கள். அடுத்த பரிசோதனை நாள் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

ஊரிலிருந்து உதவிக்கு வந்திருக்கும் அத்தை, பிள்ளை பெற்றவள் படித்தால் கண் கெட்டுவிடும் என்று புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிடுகிறார். எதிர்த்துப் பேசவும் மனம் வரவில்லை.
– வாசகி, செங்காங்

பிரசவத்துக்குப் பின் படிப்பதால் பார்வை கெடுவதில்லை. ஆனால் அத்தை சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. மங்கலான வெளிச்சத்தில், தூக்கம் கெட்ட கண்ணோடு குனிந்து படித்தால் கண் வறண்டு எரியும், கழுத்தும் பிடிக்கும். அதைச் சரிசெய்துவிட்டால் அவருக்கும் சொல்ல ஒன்றுமிருக்காது. பால் கொடுக்கும் தலையணையின் மேல் புத்தகத்தை வைக்காமல், பக்கத்து மேசையில் சமையல் புத்தகத் தாங்கியில் கண் மட்டத்துக்கு நிறுத்துங்கள். புதிய தமிழ்ப் புத்தகங்களைக் கெட்டியாகப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். தானாகத் திறந்து நிற்காது. இரு பக்கமும் பெரிய காகிதக் கவ்வி போட வேண்டும். நூலகத்தில் பல பேர் திறந்து தளர்ந்த பிரதிக்கு அந்தத் தொல்லை இல்லை. விளக்கு பின்தோளிலிருந்து பக்கத்தில் விழட்டும், பிள்ளை முகத்தில் விழக்கூடாது.

அப்படியும் விடமாட்டார் என்றால் புத்தகத்தை அவர் கையிலேயே கொடுத்து, ‘நீங்கள் படியுங்கள் அத்தை, நான் கேட்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். பழைய தொடர்கதை என்றால் பத்திரிகையில் வந்த காலத்தில் அவரே வாரா வாரம் காத்திருந்து படித்திருப்பார். பிறகு அடுத்த அத்தியாயத்துக்கு அவர்தான் உங்களைக் கூப்பிடுவார்.

மூன்று வாரக் குழந்தைக்குத் தமிழில் படித்துக் காட்டலாமா? என்ன புத்தகம் வாங்குவது?
– பெற்றோர், ஜூரோங்

தாராளமாக. ஆனால் முதல் இரண்டு மாதத்துக்கு எதையும் வாங்க வேண்டாம். இந்த வயதில் 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் இருக்கும் பிள்ளைக்கு உங்கள் முகமே போதும். நீங்கள் படிக்கும் நாவலையே வாய்விட்டுப் படியுங்கள், அதற்கு வேண்டியது குரல்தான். படம் காட்ட ஆசை என்றால் வெள்ளைத் தாளில் கருப்பு மையால் கோலம் போட்டு ஒட்டுங்கள்.

மூன்று, நான்கு மாதம் ஆனதும் படப்புத்தகம். சென்னையின் தூலிகா, தாரா பதிப்பகங்கள் தமிழில் நல்ல படப்புத்தகங்கள் வெளியிடுகின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். நிலைவாரியாகப் பிரித்திருப்பார்கள், முதல் நிலையில் பக்கத்துக்கு ஒரு வாக்கியம்தான். ‘அது ஓடிற்று’ என்று அச்சில் இருந்தால் ‘அது ஓடிடுச்சு’ என்று வாயில் மாற்றிச் சொல்லுங்கள். வீட்டில் ஆங்கிலமே அதிகம் புழங்குகிற இந்த ஊரில் பிள்ளை முதலில் பிடிக்க வேண்டியது பேச்சுத் தமிழ்.

ஐந்தாறு மாதத்தில் கைக்குக் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும். தாள் புத்தகம் என்றால் ஓரம் ஊறிக் கிழிந்து தொண்டையில் மாட்டும். அப்போது தடித்த அட்டைப் புத்தகமோ துணிப் புத்தகமோ மட்டும் கையில் கொடுங்கள், ஈரத்துணியால் துடைத்து வையுங்கள். நூலகத்திலிருந்து எடுத்தவற்றைப் பிள்ளைக்கு எட்டாத அடுக்கில் வைத்துவிட்டு, படிக்கும்போது நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். கடித்துச் சேதமானால் பணம் நீங்கள்தான் கட்ட வேண்டும்.